தெற்கு மேகத்தின் நீலம்

தேய்பிறையில் கல்யாணம் கம்மி. எங்கள் தொழிலில் இது பாலபாடம். வளர்பிறை முகூர்த்தம் என்றால் கள்ளக்குறிச்சியில் மண்டபத்துக்கு மண்டபம் ஓடவேண்டியிருக்கும். தேய்பிறை வந்துவிட்டால், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காவது யாராவது வரமாட்டார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பஞ்சகாலம். எனக்கு அதுதான் அறுவடை. மாலையில் நிலாவும் இல்லை, கையில் வேலையும் இல்லை என்றால் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டுவிடுவேன். முன்சீட்டில் என் மனைவி ஒரு பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்பாள்.

போவது வானத்தைப் படம் எடுக்க. கல்யாண போட்டோ எடுப்பவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத ஆளில்லை. வானத்தில் யாரும் கண்ணை மூடுவதில்லை, யாரும் 'எங்க மாமாவ எடுக்கவே இல்ல' என்று சண்டைக்கு வருவதில்லை என்று பதில் சொல்வேன். முழு பதில் அதுவல்ல. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தை, மாசி மாதங்களில் இருட்டிய உடனே தெற்கே பார்த்தால், கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில், அடிவானத்துக்கு மேலே ஒரு மங்கலான திட்டு இருக்கும். பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்தாலும் மேகம் என்று விட்டுவிடுவார்கள். அது நம் பால்வீதிக்கு அண்டை வீடு போல இருக்கிற ஒரு குட்டி விண்மீன் மண்டலம். எந்தக் காலத்திலோ கப்பலில் போன ஒருவரின் பெயரைச் சேர்த்து அதையும் மேகம் என்றுதான் உலகம் சொல்கிறது. எங்கள் வீட்டில் அதற்குத் தெற்கு மேகம் என்று பெயர். டெல்லிக்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கு உதிக்கிறது, ஆனால் போனால் போகிறது என்று கொஞ்ச உயரம் ஏறிவிட்டு இறங்கிவிடும். மாசியில் ஏழு மணிக்குப் பிடித்தால் ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கொஞ்ச உயரத்தில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. மலையின் தெற்கு விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே சின்னசேலம் பக்கத்து ஆலைகளின் விளக்கு வெளிச்சம். அது போதாதென்று கரும்பு வெட்டு முடிந்த வயலில் சோகையை, காய்ந்த கரும்பிலையை, கொளுத்துவார்கள். புகை எழுந்து சரியாக என் மேகத்தின் மேல் போய் உட்காரும். சாதாரண கேமராவை வைத்து எடுத்தால் அழுக்குத் தண்ணீரில் எடுத்தது போலிருக்கும். அதற்குத்தான் குறுகிய அலை வடிகட்டி. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய கண்ணாடி வில்லை அது. ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன்னுடைய வாயு விடுகிற ஒரே ஒரு ஒளியை மட்டும் உள்ளே விட்டு, விளக்கு வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். சந்தைக் கூச்சலில் நம் பிள்ளையின் குரல் மட்டும் காதில் விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் கறுப்பு வெள்ளைதான். ஹைட்ரஜனில் ஒரு படம், ஆக்சிஜனில் ஒரு படம், இரண்டும் சாம்பல் நிறத்தில் வரும். பிறகு கணினியில் ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்கு நீலப்பச்சையும் நாமாகக் கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளை என்பதால்தான் நான் இதில் விழுந்தேன். எனக்கு நிறம் சரியாகத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் எனக்கு ஒரே குடும்பத்து ஆட்கள், யார் யார் என்று அடையாளம் சொல்ல முடியாது. அழுத்தமான நீலமும் மஞ்சளும் தெரியும். நீலத்தில் பச்சை கலந்தாலும் சாம்பல், சிவப்பு மங்கினாலும் சாம்பல். பிலிம் காலத்தில் நிறம் லேப்காரன் பொறுப்பு, நான் ஒளியைப் பார்த்து எடுத்தால் போதும். டிஜிட்டல் வந்ததும் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிற நிலை வந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணமாயிற்று.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். அரக்கு, வெங்காயத்தோல், மயில்கழுத்து, கிளிப்பச்சை என்று அவளுக்கு நிறங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். கல்யாணமான மூன்றாம் மாதம், கொடியில் கிடந்த பச்சைத் துண்டை எடுக்கச் சொன்னாள். நான் சிவப்பை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய் ஜாக்கெட் துணிகளைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினாள்.

"இதுல பச்ச எதுங்க?"

எனக்கு வந்த கோபத்தில் துணிகளை வாரிக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்தபோது துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"நாளையிலேந்து நானும் கடைக்கு வரேன். கம்ப்யூட்டருல நான் ஒக்காந்துக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. நான் எடுப்பேன், அவள் நிறம் பார்ப்பாள். 'அந்த ஸ்டூடியோவுல பொடவை கலர் அச்சு அசலா வரும்' என்று ஊரில் பெயர் எடுத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒருவர் மறைத்தால் முடியாது, இருவர் சேர்ந்தால் முடியும். நிறம் தெரியாதவன் என்று தெரிந்தால் யார் தங்கள் பெண்ணின் கல்யாணத்தை என்னை நம்பி ஒப்படைப்பார்கள்? கடை என் பெயரில் இருந்தாலும் அது நின்றது அவளுடைய இரண்டு கண்களின் மேல்.

தெற்கு மேகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெபுலாக்கள், ஒளிரும் வாயுத் திரள்கள், இருக்கின்றன. ஒன்று மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும். அதில் ஹைட்ரஜன் தூக்கல். இன்னொன்று வட்டமான குமிழி. நடுவில் பயங்கரச் சூடான ஒரு நட்சத்திரம் ஊதி ஊதி உண்டாக்கியது, அது ஆக்சிஜனில் பளிச்சென்று ஒளிரும். நாங்கள் இவற்றை ஜோடி என்று சொல்வோம், தொழில் புத்தி. பிறர் எடுத்த படங்களில் ஒன்று சிவப்பாகவும் ஒன்று நீலப்பச்சையாகவும் இருக்குமாம். எனக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். ஆனால் கறுப்பு வெள்ளைப் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஹைட்ரஜனில் இது பெரிது, ஆக்சிஜனில் அது பெரிது என்று துல்லியமாகத் தெரியும். அந்த இடத்தில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் மலை ஏறினேன்.

ஒரு மாசி மாதம் ஜோடியை எடுத்தே தீருவது என்று இறங்கினோம். வெள்ளிமலை தாண்டி, மரவள்ளி போடுகிற ஒருவரின் வீட்டு மொட்டைமாடி எங்களுக்கு வாய்த்திருந்தது. தெற்கே தடையில்லாமல் திறந்த மாடி. அவர் காயப்போட்டிருக்கும் கடுக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொலைநோக்கியின் முக்காலியை நிறுத்துவேன். வடக்கே தாழ்வாக நிற்கிற துருவ நட்சத்திரத்தைப் பிடித்து நேர்செய்துவிட்டுத் தொலைநோக்கியைத் தெற்கே திருப்புவேன். அவர் வாசல் பல்பை அணைத்துவிட்டுக் கீழே இருந்து குரல் கொடுப்பார்.

"இன்னாங்க, இன்னிக்காவது ஆம்புடுமா, பொகைதானா?"

பாதி நாள் புகைதான். ஆறு மாலைகள் போய்வந்ததில் மூன்றுதான் தேறியது. ஒருநாள் இறங்கி வரும்போது கச்சிராயபாளையம் தெருவிளக்குகளைப் பார்த்து என் மனைவி, "ஒவ்வொரு லைட்டையும் சுத்தி வட்டமா ஒண்ணு தெரியுதுங்க" என்றாள். "பொகை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினேன். நெபுலாவைச் சுற்றி இருக்கும் வட்டத்தையெல்லாம் அளந்து பார்க்கிறவனுக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவள் சொன்ன வட்டம் உறைக்கவில்லை.

படங்களை அடுக்கிச் சேர்த்து, வழக்கம்போல நிறத்துக்கு அவளிடம் கொடுத்தேன். அரை நாள் உட்கார்ந்து முடித்தாள். திரையைப் பார்த்தேன். ஜோடியில் ஒன்று தனியாகத் தெரிந்தது. குமிழி நீலமாக, எனக்குத் தெரிகிற நீலமாக, மற்றதிலிருந்து பிரிந்து நின்றது. எத்தனையோ பேர் எடுத்த படங்களில் நான் பார்க்காத வித்தியாசத்தை என் வீட்டுப் படத்தில் பார்த்தேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

"எல்லாத்தையும்தான் நல்லாருக்குன்னு சொல்லுவீங்க" என்று எழுந்து போனாள்.

வானப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அதைப் போட்டேன். பலரும் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், "படம் அருமைங்க. ஆனா நீலம் ரொம்பத் தூக்கலா இருக்கே? ஆக்சிஜன் நீலப்பச்சைதானே? பின்னணி வானமும் நீலமடிக்குது" என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. என் மனைவியின் கண்ணைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? முதலில் உங்கள் திரையைச் சரிபாருங்கள், இருபது வருடமாக நிறத்தில் சோறு தின்கிற வீடு இது என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்தே விலகிவிட்டேன்.

அடுத்த வாரம் சங்கராபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தையில் அவர் பெண்ணின் கல்யாணம் எடுத்திருந்தோம். ஒரு கையில் ஆல்பம், மறுகையில் பை. பையிலிருந்து முகூர்த்தப் புடவையை எடுத்து ஆல்பத்தின் பக்கத்தில் விரித்தார்.

"அண்ணே, இது எம்பொண்ணு பொடவையே இல்லீங்க. இது அரக்கு. நீங்க வாடாமல்லி ஆக்கிக் குடுத்துக்கிறீங்க."

என் மனைவி குனிந்து பார்த்தாள். புடவையைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தானக்கா இருக்கு?" என்றாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கண்ணே. நீங்கதான எடுத்தது?"

நான் புடவையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். இரண்டும் ஏதோ இருட்டான நிறம். படத்தில் கொஞ்சம் வேறுமாதிரி இருந்ததுதான், ஆனால் துணிக்கும் அச்சுக்கும் அவ்வளவு வித்தியாசம் எப்போதும் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று பேர் நிற்கிற கடையில் அந்தப் புடவையின் நிறம் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

"வெளிச்சத்துல அப்படித் தெரியும்க்கா. இருந்தாலும் மறுபடி பிரிண்ட் போட்டுத் தரேன்" என்றேன்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புடவையை மடித்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போனதும் கணினியில் உட்கார்ந்தேன். எனக்கு நிறம் தெரியாது, எண் தெரியும். எந்தப் புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கணினி காட்டும். வெள்ளை என்றால் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சங்கராபுரத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேட்டியில் ஒரு வெள்ளை இடத்தைச் சுட்டினேன். நீலம் ஏறியிருந்தது. நீலம் போட்டு வெளுத்த வேட்டியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதற்கு முந்தைய கல்யாணத்தைத் திறந்தேன். பிறகு போன வருடத்து வேட்டிகள், அதற்கு முந்தைய வருடத்து வேட்டிகள். பின்னால் போகப் போக நீலம் இறங்கிக்கொண்டே வந்து நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்றும் சமமாக நின்றது. கடைசியாக ஜோடியைத் திறந்து, ஒன்றுமே இல்லாத வானத்தைச் சுட்டினேன். அங்கேயும் நீலம். குழுவில் அந்த மனிதர் சொன்னது சரி. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

அவளுடைய கண்ணுக்கு நீலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குறைந்ததை ஈடுகட்ட அவள் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டியவன் நான், எனக்கும் தெரியாது. நான்கு வருடமாக ஊரார் கல்யாணங்களை நாங்கள் இருவரும் சேர்ந்து கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பயந்துபோனேன். கடைக்காகப் பயந்தாயா அவளுக்காகப் பயந்தாயா என்று கேட்டால், முதலில் கடைக்காகத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அவளுக்கான பயம் அன்று சாயங்காலம், அவள் காய் நறுக்குகிற கத்தியைப் பார்த்தபோது வந்தது. எட்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் கடையில் யாருமில்லாத நேரத்தில் வேட்டிகளை வரிசையாகத் திறந்து எண்களைக் காட்டினேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"கலரே தெரியாத ஆளு, நீங்க எங்கண்ணுல கொற கண்டுபுடிக்கிறீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள் கூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கோபக்காரன் என்று பெயரெடுத்த எனக்குக் கோபமே வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். நான்கு நாள் வீட்டில் சாப்பாடு, சாவி, மோட்டார் போட்டாச்சா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் காலை, கிளம்பித் தயாராக நின்றாள்.

"வாங்க, கண்ணு டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை இருப்பதால் சீக்கிரமே வந்துவிட்டது, பல வருடமாக மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது என்றார். முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எடுத்தப்பறம் கலரு பழையபடி தெரியுமாங்க? தெரியலன்னா கடைய இன்னா பண்றது?"

தெரியும் என்று சொன்னேன். டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனாலும் வலது கண்ணில் அறுவை நடந்த அந்த முற்பகல் முழுக்க நான் வேண்டாத தெய்வமில்லை.

பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடது கண்ணைக் கையால் மறைத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

"இந்தக் கண்ணுல செவுரு வெள்ளையா இருக்குது. இந்தக் கண்ணுல பழைய காயிதம் மாரி இருக்குது. இத்தினி நாளா காயிதத்ததான் வெள்ளைன்னு நெனச்சிக்கினு இருந்தேனா?"

அவளாகவே ஜோடியைத் திறந்தாள். புதுக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ, இவ்ளோ நீலமா! யாராவது சொல்லக்கூடாது?"

"ஒருத்தர் சொன்னாரு. நான் சண்டை போட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இடது கண்ணை மூடியபடியே நிறத்தைத் திருத்த ஆரம்பித்தாள். நீலம் இறங்க இறங்க, குமிழி என் கண்ணில் மங்கி மங்கி, கடைசியில் ஜோடி இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டது. சரியான நிறம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்த விதம் அது.

"இப்ப சரியாருக்கு" என்றாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். மூடியிருந்த கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நல்லாருக்குறது கெடக்கட்டும். ஒங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவளும் கேட்டதில்லை. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. மின்ன நீ போட்டதுலதான் ஒண்ணு தனியாத் தெரிஞ்சுது."

"அத்த ஏன் அன்னிக்கே சொல்லல?"

அவள் திரைப்பக்கம் திரும்பிப் படத்துக்கு ஒரு நகல் எடுத்தாள். நீலத்தை ஒரு சிட்டிகை ஏற்றினாள்.

"இப்ப தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"கொஞ்சம்."

இன்னும் ஏற்றினாள். அவளுடைய புதுக் கண்ணுக்கு அது எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கூசக் கூச ஏற்றினாள்.

"இப்ப?"

"தெரியுது."

கையை எடுத்தாள். சேமித்தாள். பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"சரியா இருக்குற இத்த, குரூப்புல மறுபடி சேந்து அனுப்புங்க, சண்ட போட்டதுக்கு அவரண்ட மன்னிப்பும் கேளுங்க. இன்னொண்ண யாருக்கும் அனுப்பாதீங்க."

"ஏன்?"

"அது ஒங்க கண்ணுக்குன்னு போட்டது."